தொலைபேசியில் வாசித்த நிரல்

பாதை பூட்டப்பட்ட அந்த ஆவணியில் நான் யாழ்ப்பாணத் தீவுப் பக்கம், ஊர்காவற்றுறையில், எங்கள் வீட்டில் இருந்தேன். இரண்டு கிழமை நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு சின்னப் பையோடு வந்திருந்தேன். வந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சண்டை தொடங்கியது. தெற்கே போகும் ஒரே தெரு மூடப்பட்டது. பிறகு தொலைபேசியும் செத்துப்போனது. பல்கலைக்கழகத்தில் என் விடுதிக் கட்டிலில் விரித்த போர்வை விரித்தபடி கிடந்திருக்கும்.

நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் ஒருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா கையொப்பம் வைக்கும்போது பேனையை முழுக் கையாலும் துடுப்பைப்போலப் பிடிப்பார். அம்மாவுக்குச் செபப் புத்தகம் மனப்பாடம். பக்கத்தைப் பிரித்து வைத்திருப்பாரே தவிர அதைப் பார்ப்பதில்லை. ஊரில் என்னை ‘இஞ்சினியர்ப் பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார்கள். இன்னும் ஆகவில்லை என்று நான் யாரையும் திருத்தியதில்லை. அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கம் இல்லை.

தெற்கே நான் விட்டு வந்தது ஓர் இயந்திரத்தை. அது பழைய மில்லிங் மெசின். கணினியில் நிரலாக எழுதிக் கொடுக்கும் இடங்களுக்கு வெட்டுக்கருவியைக் கொண்டுபோய் இரும்பைச் சீவும். நானும் என்னோடு படித்த ஒருவனும் அதன் தலைக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் முனையைப் பூட்டியிருந்தோம். முனை உருகிய இரும்பை ஒரு கோடாக இடும். கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, ஒரு படை. அது ஆறும்வரை மெசின் காத்திருக்கும். பிறகு வெட்டுக்கருவி வந்து அந்தப் படையை மட்டமாகச் சீவும். அதன்மேல் அடுத்த படை. இடுவதும் சீவுவதும் ஒரே மேசையில், ஒரே நிரலில். அப்போது எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்றை யாரும் செய்து பார்த்ததில்லை.

நாங்கள் செய்ய எடுத்தது ஓர் இரும்புக் கட்டி. அதற்குள்ளே வளைந்து போகும் ஒரு துளை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு வாய்கள் மட்டும் தெரியும். எந்தத் துளைகருவியாலும் அதைப் போட முடியாது, ஏனென்றால் துளைகருவி நேராகத்தான் போகும். எங்கள் மெசினால் முடியும். கீழ்ப் பாதியை இட்டு, வளைந்த வாய்க்காலை வெட்டி, உள்ளே மழுமழுவென்று சீவி, பிறகு மேலே இரும்பை இட்டு மூடிவிடலாம். மூடிய பிறகு உள்ளே ஒரு பிசிறு இருந்தாலும் எடுக்க வழியில்லை. ஆகவே எதை இட்ட பிறகு எதை வெட்டுவது, எதை வெட்டாமல் எதை மூடக்கூடாது என்ற ஒழுங்குதான் முழு வேலையும். அந்த ஒழுங்கு என்னுடையது. என் நண்பன் முனையையும் மின்னோட்டத்தையும் பார்த்துக்கொண்டான். அவன் காலி நகரப் பக்கத்துச் சிங்களப் பெடியன். நாங்கள் கதைப்பது ஆங்கிலமும் சிங்களமும் கலந்து. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

புரட்டாதி கடைசியில் தொலைபேசி திரும்பி வந்தது. முதல் வேலையாக எங்கள் விரிவுரையாளருடன் கதைத்தேன். அவர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை.

“மார்கழி முடிய மெசினைக் கழற்றி மற்ற வகுப்புக்குக் கொடுக்கவேண்டும். அதற்குள் உங்கள் கட்டி முடியாவிட்டால் அவன் தனியாக வேறு ஏதாவது எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் பாதை திறந்த பிறகு அடுத்த வருடத்தவர்களோடு சேரலாம்.”

“நிரலை நான் இங்கே இருந்து எழுதி அனுப்பினால்?”

“கணினி இருக்கிறதா?”

“இல்லை. தாள் இருக்கிறது.”

“நிரல் உங்களுடையதாக இருந்து, கட்டியும் முடிந்தால், உங்கள் பெயரும் போகும்” என்றார்.

அப்பா அதற்குள் துறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார், இந்த வருடம் மகள் படிப்பை முடிக்கிறாள் என்று. நான் முடிக்காமல் விட முடியாது.

யாழ்ப்பாண நகரத்துக்குப் போனால் இன்ரநெற் கடை இருந்தது. ஆனால் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஊரடங்குக்குள் திரும்பி வரவேண்டும். போன இளம் ஆட்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல முடியாத காலம். “அங்கை மட்டும் போகவேண்டாம் பிள்ளை” என்று அப்பா ஒரு தடவைதான் சொன்னார். தபால் கப்பலில் போனது, எப்போது சேரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் இருந்தது ஒரு ரெலிபோன் கடை.

நிரலை நான் குசினியில், சமையல் மேசையில் எழுதினேன். மெசின் முன்னால் இல்லாமல் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது மாதிரி. கைக்குப் பிடிபடவில்லை. எனவே மெழுகில் செய்து பார்த்தேன். சனிக்கிழமைகளில் அம்மா கோயில் கூட்டப் போவார். மெழுகுதிரித் தட்டுகளில் வழிந்து உறைந்திருந்ததைச் சுரண்டி ஒரு பேப்பரில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தார், முணுமுணுத்துக்கொண்டு.

“மாதாவுக்கு எரிச்ச மெழுகடி உது.”

“மாதா ஒண்டும் சொல்லமாட்டா அம்மா.”

“மாதா சொல்லமாட்டா. சனம் சொல்லும்.”

மீன் அடைத்து வந்த ரின் ஒன்றில் மெழுகை உருக்கி ஒரு படை ஊற்றுவேன். ஆறியதும் சவரத் தகட்டால் மட்டமாகச் சீவுவேன். வாய்க்காலை வெட்டுவேன். அதன்மேல் அடுத்த படையை ஊற்றினால் மெழுகு வாய்க்காலுக்குள் ஓடிவிடும். இரும்பு அப்படி ஓடாது, ஆனாலும் அந்தரத்தில் நிற்காது. ஆகவே துளையின் மேல்பக்கத்தைக் கூரைபோல இரண்டு பக்கமும் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே சாய்த்துக் கொண்டுவந்து உச்சியில் சேர்க்கவேண்டியிருந்தது. என் முதல் ஒழுங்கில் பெரிய பிழை ஒன்றையும் மெழுகுதான் காட்டியது. கூரை சாயத் தொடங்கியதும் தகடு கீழ்ச்சுவருக்கு எட்டவில்லை. சுவரின் ஒவ்வொரு படையையும் அடுத்த படை இடுவதற்கு முதலே சீவி முடிக்கவேண்டும். பாதி நிரலைக் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். கடைசியில் ஒரு மெழுகுக் கட்டி வந்தது. ஒரு வாயால் ஊதினால் மற்ற வாயால் காற்று வளைந்து வந்து கையில் பட்டது. அம்மாவின் கையை அங்கே பிடித்து ஊதிக் காட்டினேன். “சரி, சரி, என்ரை மெழுகு வீண்போகேல்லை” என்றார்.

ரெலிபோன் கடை துறைக்குப் போகும் தெருவில் இருந்தது. கடைக்காரர் அப்பாவைவிட இளையவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். உள்ளே ஒரு வாங்கு. பிரான்சிலிருந்தோ கனடாவிலிருந்தோ பிள்ளைகள் எடுப்பார்கள் என்று பெண்கள் காலையிலிருந்தே அதில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வாசிப்பேன்.

நிரலின் ஒவ்வொரு வரியும் எழுத்தும் எண்ணும்தான். எக்ஸ், ஓர் எண். வை, ஓர் எண். இசெட், மைனஸ், ஓர் எண். நான் ஒரு வரி வாசிக்க, மறுபக்கத்தில் அவன் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசிப்பான். அவன் திருப்பி வாசிக்காமல் நான் அடுத்த வரிக்குப் போகமாட்டேன். ஒரு நாள் ஓர் இடத்தில் அவனே என்னை நிறுத்தினான்.

“இதில் மைனஸ் இல்லையா? இப்படியே விட்டால் வெட்டுக்கருவி கூரையைப் பார்த்துப் போகும்.”

“இருக்கிறது. வாய் விட்டுவிட்டது.”

“உன் வாயை நம்பி நான் மெசினை ஓட விடுகிறேன், கடவுளே.”

பின்னால் வாங்கில் ஓர் அக்கா பொறுமை இழந்துவிட்டார்.

“பிள்ளை, உது என்ன, லொத்தர் நம்பரோ? எண்டால் எங்களுக்கும் ரெண்டைச் சொல்லு மோனை.”

“லொத்தர் இல்லையக்கா” என்றார் பக்கத்தில் இருந்தவர். “மற்றப் பக்கம் ஒரு பெடியன் நிக்கிறான். படிச்சதுகள், காதலையும் கணக்கிலை சொல்லுதுகள்.”

“மைனஸ் மைனஸ் எண்டு சொல்லுறாள். உறவு முறியப்போகுது போல.”

முழுக் கடையும் சிரித்தது. யார் சிரிப்பது என்று அவன் கேட்டான். “உன்னையும் என்னையும் பற்றித்தான்” என்றேன். அவன் காது சிவந்திருக்கும், எனக்குத் தெரியும்.

சில நாள்களில் அவன் பட்டறைத் தொலைபேசியின் வயரை இழுத்துக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் வந்து, காதில் வைக்கும் வாங்கியை அதன்முன் பிடிப்பான். முனை இரும்பை இடும் பொரிகிற சத்தம் முதலில் வரும். பிறகு ஒன்றும் இல்லை, ஆறுகிறது. பிறகு வெட்டுக்கருவி இறங்கிச் சீவுகிற ஒரே சீரான இரைச்சல். குசினி மேசையில் நான் எழுதியதை எங்கேயோ மலைநாட்டில் ஓர் இயந்திரம் செய்துகொண்டிருந்தது. அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த சந்தோசம் அந்தச் சத்தம் ஒன்றுதான்.

கார்த்திகையில் எல்லாம் மாறியது. ஒரு விடியற்காலை கடலில் வெகுநேரம் வெடிச் சத்தம் கேட்டது. மறுநாள் கடலுக்குப் போகும் அனுமதி, மீன்பிடிப் பாஸ், எல்லாருக்கும் நிறுத்தப்பட்டது. வேலணைப் பக்கம் பஸ்ஸிலிருந்து ஒரு பெடியனை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் வீட்டுக்கு வரவில்லை. பாஸைச் சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் சனம் முன்புபோல இல்லை. நான் கடைக்குள் போனால் வாங்கில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வேலிப் பக்கம் போய் நின்றார்கள். லொத்தர் நம்பர் கேட்ட அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் கதைப்பது கேட்காத தூரத்தில் நிற்பது நல்லது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை. படித்தவள் என்பதால் எனக்கு ஒன்றும் வராது என்ற எண்ணம்.

கடைக்கார அண்ணைதான் சொன்னார்.

“தங்கச்சி, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கப்படாது.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“நீர் சொல்லுறது படிப்பு எண்டு எனக்குத் தெரியும். இந்த லைனை எத்தினை பேர் கேக்கிறாங்களோ தெரியாது. தமிழ்ப் பிள்ளை ஒண்டு நிண்டு எக்ஸ் இவ்வளவு, வை இவ்வளவு எண்டு சொன்னால் அவன் என்ன நினைப்பான்? என்னை வந்து கேட்டால் நான் என்னெண்டு விளங்கப்படுத்திறது?”

“நான் வந்து விளங்கப்படுத்திறன்.”

“நீர் வந்து விளங்கப்படுத்தேக்கை என்ரை கடை இருக்கோணுமே.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் மூன்று தாள்தான் மிச்சம், துளைக் கூரையின் உள்பக்கத்தைக் கடைசியாகச் சீவி மேலே மூடும் பகுதி. அதில்லாமல் மற்ற எல்லாம் வீண். கெஞ்சிக் கேட்டேன். விடிய, கடை திறந்ததும், ஆட்கள் வரமுதல் வந்து வாசித்துவிட்டுப் போகச் சொன்னார்.

நான் போன அந்தக் காலையில் இரண்டு வரிதான் வாசித்திருப்பேன். கடற்படைக்காரர் இரண்டு பேர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் என் கையிலிருந்த தாள்களை வாங்கிப் பார்த்து, தன்னிடமே வைத்துக்கொண்டார். மற்றவர் என் காதிலிருந்த வாங்கியை எடுத்துத் தொலைபேசியில் வைத்தார். மறுநாள் அப்பாவோடு முகாமுக்கு வரச் சொன்னார்கள். கடைக்கார அண்ணை தன் மேசைமேல் இருந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. அப்பா தன் அடையாள அட்டையையும் பாஸையும் எடுத்து வைத்தார். பாஸ் கொடுத்ததும் அந்த முகாம்தான். அவர்கள் நினைத்தால் அப்பாவுக்குக் கடல் இல்லை, எங்களுக்குச் சாப்பாடு இல்லை. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. காலையில் புறப்படும்போது அவர் கையில் ஒரு கடைப்பை இருந்தது. என்ன என்று கேட்டேன். “ஒண்டுமில்லை, நட” என்றார்.

அதிகாரி நாற்பது வயதுக்குள் இருப்பார். மேசைமேல் என் தாள்கள். அவர் சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். அப்பாவுக்கு அது விளங்காது. அவர் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கதிரை இருந்தது, அதில் உட்காரச் சொல்லவில்லை.

“எக்ஸ் என்றால் என்ன?”

“மேசையின் நீளப் பக்கம்.”

“எந்த மேசை?”

“பல்கலைக்கழகத்தில், இயந்திரத்தின் மேசை.”

“இசெட்?”

“மேலே, கீழே.”

“எல்லாவற்றிலும் மைனஸ் போட்டிருக்கிறது. எவ்வளவு கீழே?”

“மில்லிமீற்றர்.”

“மில்லிமீற்றர் என்று எங்கே எழுதியிருக்கிறது?”

அது முதல் தாளின் தலையில் இருந்தது, ஒரு வரியில். முதல் தாள் வீட்டில். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பியதாகவும் இல்லை, நம்பாததாகவும் இல்லை.

“பூச்சியம் எங்கே?”

அவருக்குப் பின்னால் சுவரில் எங்கள் தீவுகளின் வரைபடம் தொங்கியது. கடலும் கரையும் கட்டங்கட்டமாகப் பிரிக்கப்பட்டு ஓரங்களில் எண்கள் இருந்தன. நான் அதை அப்போதுதான் கண்டேன். இவ்வளவு நாளும் ரெலிபோன் கடையில் நின்று நான் எதைப்போல ஒன்றை உரக்க வாசித்தேன் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

“இந்த எண்கள் எல்லாம் ஓர் இடத்திலிருந்துதானே அளக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடம் எது? இந்தத் தாளில் காட்டுங்கள்.”

“தாளில் இருக்காது. பூச்சியத்தை மெசினில் வைப்பது. இரும்பின் மூலைக்கு வெட்டுக்கருவியைக் கொண்டுபோய், இதுதான் பூச்சியம் என்று அங்கே நிற்கும் ஆள் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும்.”

“அப்படியானால் அங்கே நிற்கும் ஆள் தான் நினைத்த இடத்தில் பூச்சியத்தை வைக்கலாம்?”

“வைக்கலாம்.”

உண்மை அதுதான்.

அப்பா என்ன கண்டாரோ, கடைப்பையைத் திறந்து மெழுகுக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். “ஐயா, இதுதான் சாமான். பிள்ளை வீட்டிலை செய்தவ” என்றார் தமிழில். அதிகாரி அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒரு வாய்க்குள் பேனையை விட்டார். வளைவில் அது முட்டி நின்றது. திருப்பி மற்ற வாயைப் பார்த்தார்.

“வளைந்திருக்கிறதே. எப்படித் துளைத்தீர்கள்?”

“துளைக்கவில்லை. மூடமுதல் வெட்டினேன்.”

“இரும்புக்குள்ளே ஏன் இப்படி ஒளித்து ஒரு வழி?”

“தண்ணீர் போவதற்கு. சூடான வார்ப்பு அச்சைக் குளிரப் பண்ண.”

அவர் கட்டியை வைத்துவிட்டு, அங்கே நிற்கும் ஆளின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார். சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தது. சொன்னால் அவனுக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அப்பாவின் பாஸ் மேசையில் கிடந்தது. சொன்னேன்.

அவர் எடுத்துச் சிங்களத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார். மறுபக்கத்தில் என் நண்பனின் குரல் ஓர் ஈயின் சத்தமாகத்தான் எனக்குக் கேட்டது. பிறகு அவர், “இவர் இங்கேதான் இருக்கிறார். மிச்சத்தை வாசிக்கட்டும். பொருந்துகிறதா என்று பார்ப்போம்” என்று சொல்லி வாங்கியை என்னிடம் தந்தார். அதே லைனில் இன்னொரு தொலைபேசி பக்கத்து மேசையில் இருந்தது. அதை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். தாள்களை என் முன்னே தள்ளினார்.

நான் வாசித்தேன். முதல் வரி முடிந்ததும் அவன் திருப்பி வாசிப்பான் என்று நின்றேன். “ஓகே” என்றான். இரண்டாம் வரி. “ஓகே.” அவனுடைய குரலில் நான் அறிந்தது ஒன்றும் இல்லை. நான் நின்றபோது அதிகாரி பேனையால் தாளைத் தட்டினார், போகட்டும் என்று. அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. மூன்று தாளையும் வாசித்து முடித்தேன். எதை வாசித்தேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பாவின் காலில் ஒட்டியிருந்த மணல் அந்தச் சீமெந்துத் தரையில் உதிர்ந்து கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

தாள்களையும் மெழுகையும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதிகாரி பாஸை எடுத்து அப்பாவிடம் நீட்டி, தெரிந்த தமிழில், “கடல் போ” என்றார். என்னிடம், “படிப்பை முடியுங்கள். இந்த லைனில் இனி எண் வேண்டாம்” என்றார்.

தெருவுக்கு வந்ததும் அப்பா மூச்சு விட்டார்.

“நல்ல மனுசன் பிள்ளை. பாஸைத் திருப்பித் தந்திட்டான்.”

“ஓம் அப்பா.”

“வேலை முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

அன்றே துறையில் கதை மாறிவிட்டது. மகள் நேவிக்காரன்ரை போனிலேயே படிப்பை முடிச்சுப்போட்டாள் என்று அப்பா சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தினார்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை வந்தது, போனது. என் நண்பன் தொலைபேசி எடுக்கவில்லை. நான் எடுத்தால் அவனுக்குத் தொல்லை வரும். தை மாதத்தில் கடைக்கார அண்ணை தெருவில் என்னை நிறுத்தினார்.

“உம்மடை படிப்பிக்கிற சேர் போன் எடுத்தவர் தங்கச்சி. உமக்கு வரேலுமெண்டால் வந்து பதியட்டாம். அடுத்த வருசத்து ஆக்களோடை.”

“வேற ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நான் கேக்கேல்லை. லைனிலை என்னத்தைக் கேக்கிறது.”

வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. கப்பலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்து, பங்குனியில் இடம் கிடைத்துத் திருகோணமலை போய், அங்கிருந்து பஸ் எடுத்தேன். அப்பா நான் பட்டம் வாங்கப் போகிறேன் என்றுதான் நினைத்து வழியனுப்பினார்.

என் நண்பன் பட்டறையில் இருந்தான். படிப்பு முடிந்து, அங்கேயே தற்காலிகமாக மாணவர்களுக்கு உதவும் வேலை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், முகாமில் நாங்கள் நின்றதுபோல. பிறகு அலுமாரியைத் திறந்து இரும்புக் கட்டியை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தான்.

கட்டி மூடப்படாமலே இருந்தது. வாய்க்கால் நான் நினைத்த மாதிரியே வளைந்து போனது. விரலை விட்டுப் பார்த்தேன், கண்ணாடிபோல இருந்தது. கூரை இரண்டு பக்கமும் உள்ளே சாய்ந்து உச்சிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. ஒரு பக்கச் சுவரைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஒரு நேர்க் காயம் போயிருந்தது. அதன் முடிவில் உடைந்த வெட்டுக்கருவியின் ஒரு துண்டு இரும்போடு இரும்பாக இறுகிக் கிடந்தது.

சீவி முடித்ததும் வெட்டுக்கருவி முதலில் வாய்க்காலுக்கு வெளியே மேலே எழும்பவேண்டும். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் ஒதுங்கி வெல்டிங் முனைக்கு இடம் விடவேண்டும். எழும்பு என்பது ஒரு வரி. அந்த வரி மெசினுக்குப் போகவில்லை. வெட்டுக்கருவி வாய்க்காலுக்குள் இருந்தபடியே, சுவரை உழுதுகொண்டு, முழு வேகத்தில் பக்கவாட்டாகப் போயிருக்கிறது. போன வேகத்தில் நாங்கள் பூட்டிய முனையையும் இடித்து வளைத்துவிட்டது. திருத்த நேரம் இருக்கவில்லை. அவன் தனியாக ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துப் பரீட்சையில் சித்தி அடைந்துவிட்டான். என் பெயர் அதில் இல்லை. போட வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“அந்த வரியை நான் வாசித்தேன்” என்றேன்.

“வாசித்திருப்பாய்.”

“தாளில் இருந்தது.”

“இருந்திருக்கும்.”

“நீ ஏன் திருப்பி வாசிக்கவில்லை?”

அவன் காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வேறு ஒருவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக முடியட்டும் என்று நினைத்தேன். அடுத்த கிழமை இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள், மகனுக்கு வடக்கில் யாரைத் தெரியும் என்று. அம்மா இன்றைக்கும் எனக்குத் தொலைபேசி எடுத்தால் அதைத்தான் கேட்கிறார்.”

மன்னிப்புக் கேட்டால் அவன் வேண்டாம் என்பான். அவன் கேட்டால் நானும் அதையே சொல்வேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

“இதை நீ வைத்துக்கொள்” என்றான், கட்டியைத் தள்ளி. “உன் வேலைதானே.”

“இரும்பு. கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.”

“அப்படியானால் இங்கேயே இருக்கட்டும்.” திரும்பவும் தூக்கி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

பின்னேரம் போய் அடுத்த வருடத்து மாணவர்களோடு என் பெயரைப் பதிந்தேன். மெசின் வேறு ஆட்களிடம் இருந்தது. எனக்குக் கொடுத்தது வேறொரு வேலை, பெட்டிகள் நகரும் பட்டி ஒன்றின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அதை நன்றாகவே செய்தேன். பட்டமும் வாங்கினேன், ஒரு வருடம் பிந்தி. அது எப்படிப் பிந்தியது என்று கேட்கும் ஆட்களுக்குப் பாதை பூட்டியிருந்தது என்று மட்டும் சொல்வேன். அவர்களும் அதற்குமேல் கேட்பதில்லை.

பதிந்த அன்று ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைக்கார அண்ணை ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார். ஓடி வந்திருப்பார், மூச்சு இளைப்பது கேட்டது.

“பிள்ளை, பட்டம் எப்ப தருவினம்?”

“அடுத்த வருசம் அப்பா.”

“ஏன்? நீர் அண்டைக்கு வாசிச்சது பிழைச்சுப்போச்சோ?”

அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அந்த லைனில் அதற்குப் பதில் சொல்ல ஏலாது.

“மெசின் பழுதாப் போச்சு அப்பா.”

“திருத்தேலாதோ?”

“வேற ஆக்கள் எடுத்திட்டினம்.”

பக்கத்தில் யாரோ கேட்டிருக்கவேண்டும், அப்பா அவர்களுக்குச் சொல்வது கேட்டது: “மெசின் பழுதாம். பிள்ளையிலை பிழையில்லை.”